பதினெட்டாவது மந்தாரை

மதியம் ஒன்றரை மணிக்கு மரம் சொடக்கு எடுத்தது.

முதலில் ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று. பிறகு அடுத்தடுத்து மூன்று. தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த தோட்டக்காரர், மரத்துக்குக் குழி வெட்டியே குழிக்காரர் என்று பெயர் எடுத்தவர், நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். காய் வெடிக்கிறது என்பது அவருக்குத் தெரியும். மந்தாரைக் காய் அவரைக்காய் மாதிரி தட்டையாக, நீளமாகத் தொங்கும். நல்ல வெயிலில் காய்ந்து, உச்சி வேளையில் பட்டென்று இரண்டாகப் பிளந்து, விதையைப் பத்தடி தூரத்துக்கு வீசும். முப்பது வருடம் மரம் நட்டவருக்கு இதை யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. இருந்தாலும் அது காய் வெடிக்கிற சத்தம் போல இல்லை. ஒருத்தன் வேலையை முடித்துவிட்டு, கையை நீட்டி, விரல் விரலாக மடக்கிச் சொடக்கு எடுக்கிற சத்தம்.

அப்படி எடுக்கிறவன் ஒருத்தன் இருந்தான். குழிக்காரரின் மனைவிக்கு ஒரே தம்பி. கூட வேலை செய்தவர்கள் அவனுக்கு வைத்த பெயரே சொடக்கு. ஒரு குழி தோண்டி முடித்தால் சொடக்கு, கன்றை இறக்கினால் சொடக்கு, சாப்பிட உட்கார்ந்தால் பத்து விரலுக்கும் பத்து. அவன் செத்துப் பதின்மூன்று வருடம் ஆகிவிட்டது.

"கேட்டுச்சா?" என்றாள் மனைவி. அவள் மரத்தடியில், சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து வெற்றுக் காய்களைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"காய் வெடிக்குது."

"ஆமா, காய்தான். நீங்க வேற எதைச் சொல்லப் போறீங்க?" என்றவள் தலையை நிமிர்த்தி, "சாப்டியாடா?" என்று கிளையைப் பார்த்துக் கேட்டாள்.

கிளையிலிருந்து ஒரு பூ விழுந்தது. காற்று இல்லை. இலை ஒன்றுகூட அசையவில்லை. ஊதா நிறத்தில், ஐந்து இதழோடு, முழுசாக, அவள் மடியில் வந்து விழுந்தது.

குழிக்காரர் குழாயை இழுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார். பேயை அவர் நம்புவதில்லை. மனிதனையே நம்பாதவர் பேயை எங்கே நம்பப் போகிறார்? வைத்தியர் எழுதுவதை நம்ப மாட்டார், மழை வரும் என்று ரேடியோ சொன்னால் துணியை வெளியே எடுத்துக் காயப்போடுவார், கன்றின் கழுத்தில் பெயர் எழுதித் தொங்கவிட்டிருந்தாலும் இலையைக் கசக்கி மோந்து பார்த்துத்தான் குழியில் இறக்குவார். அப்படிப்பட்டவருக்கு அந்த மரத்தடியில் மட்டும் பிடரி மயிர் சிலிர்த்தது.

அது நான்கு கட்டடங்கள் கொண்ட குடியிருப்பு. கட்டடத்துக்கு ஆறு மாடி. சுற்றிலும் மதில், மதிலோரம் பதினெட்டு மந்தாரை. பதினெட்டும் குழிக்காரரின் ஆட்கள் நட்டவைதான். பிறகு அந்தக் கூட்டம் கலைந்து, அவருக்கு முதுகும் வளைந்தபோது, இதே குடியிருப்பில் தோட்டவேலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்தது. அவர் யோசித்தார். மனைவி யோசிக்கவில்லை. "என் தம்பி கடைசியா நட்ட மரம் அங்க இருக்கு. நீங்க வராட்டி நான் போறேன்" என்று மூட்டை கட்டினாள். தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். வந்து ஐந்து வருடம். ஐந்து வருடமாக அவள் மதியம் சாப்பிட்டதும் நேராகப் பதினெட்டாவது மரத்தடிக்குத்தான் போவாள். பையைக் கொண்டுபோய் மரத்தில் மாட்டுவாள். மாட்டுவதற்கு வசதியாக, நெஞ்சு உயரத்தில், பட்டைக்குள்ளிருந்து கம்பி நுனி ஒன்று விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மற்ற பதினேழும் ஒழுங்கான மரங்கள். குளிர் முடிகிற சமயத்தில் இலையைக் கொட்டும், மூன்று வாரம் பூக்கும், அப்புறம் இலை விட்டுக் காய் பிடிக்கும், அதோடு கம்மென்று இருக்கும். பதினெட்டாவது அப்படி இல்லை. மூன்று வருடமாகவே அதன் போக்கு சரியில்லை. இந்த வருடம் ஏழு வாரம் பூத்தது. கிளை தெரியாமல் பூத்தது. மாடியில் இருப்பவர்கள் எல்லாம் இறங்கி வந்து படம் எடுத்தார்கள். சரி, முடிந்தது என்று பார்த்தால், காய் வெடிக்கிற வெயிலில், தரை கொதிக்கிற நாளில், மறுபடியும் பூத்தது. ஒரே கிளையில் காய்ந்த காயும் இருந்தது, புதுப் பூவும் இருந்தது. அப்படி ஒன்றை அவர் கண்டதே இல்லை.

"பாருங்க, எப்படி சந்தோஷமா இருக்கான்" என்பாள் மனைவி.

சந்தோஷம் இல்லை என்று அவருக்குத் தெரியும். நன்றாக இருக்கிற மரம் அளவாகத்தான் பூக்கும். கழுத்து நெரிபடுகிற மரம் அப்படி இல்லை. இலை செய்கிற சத்து வேருக்கு இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்கிப் போகும். தேங்கினதை எல்லாம் மரம் பூவாகக் கொட்டும். கீழே வேர் பட்டினி, மேலே பூப்பந்தல். அது ஒரு கேடு. பார்க்கத்தான் அழகு.

அன்று சாயங்காலம் அவள் அறைக்குப் போன பிறகு அவர் மரத்தைத் தொட்டுப் பார்த்தார். கம்பி இருந்த இடத்துக்கு மேலே தண்டு கழலை மாதிரி வீங்கியிருந்தது. கீழே சூம்பியிருந்தது. நடுவில் பள்ளம். சுண்டு விரலை உள்ளே விட்டார். இரண்டாம் கணுவரை போயிற்று. உள்ளே ஈரம். விரலை எடுத்தால் நுனியில் காப்பிநிறச் சாறு. இன்னொன்றும் தெரிந்தது. பள்ளத்திலிருந்து மயிரிழை மாதிரி ஒரு விரிசல், புதுசாக, பெஞ்சு இருந்த பக்கமாக ஓடியிருந்தது.

அடுத்த பெருங்காற்றுக்கு இந்த மரம் கழுத்தோடு முறியும். முறிந்தால் பெஞ்சின்மேல்தான் விழும். எந்த நேரத்தில் விழும் என்று மரம் சொல்லிவிட்டு விழாது.

மறுநாள் காலையில் குடியிருப்போர் சங்கச் செயலாளரைப் பார்க்கப் போனார். செயலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் காகிதத்தில் போட்டுத்தான் யோசிப்பார். அந்த நேரம் அவர் மேசையில் விரித்து வைத்திருந்ததே பதினெட்டாவது மரத்தின் படம்தான். மரத்தைச் சுற்றி வட்டமாகத் திண்டு கட்டப் போகிறார்களாம், முப்பது பேர் உட்காரலாமாம்.

"ஐயா, அந்த மரம் முறியப் போகுது."

"எந்த மரம்?"

"நீங்க திண்டு கட்டப் போற மரம்தான்."

செயலாளர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வெயிலில் மரம் ஊதா நிறமாக எரிந்துகொண்டிருந்தது.

"பெரியவரே, அதைப் பார்த்தா சாகப்போற மரம் மாதிரியா இருக்கு?"

"அதனாலதாங்க சொல்றேன். கழுத்துல கம்பி இறுக்குது. பாதிக் கிளையைக் கழிச்சு, கம்பியை எடுக்கணும். பூ இருக்காது. ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ."

"பூவை வெட்டணுமா? நல்லா இருக்கே கதை." செயலாளர் சிரித்தார். "ஏணியில ஏற முடியலைன்னா நேரா சொல்லுங்க, திண்டு வந்தா கூட்டிப் பெருக்கணுமேன்னு இருந்தாலும் சொல்லுங்க, வேற ஆள் போட்டுக்கலாம். சும்மா நடிக்காதீங்க."

குழிக்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். தான் திட்டியது அவருக்குச் சுட்டுவிட்டது என்று நினைத்து செயலாளர், "சரி சரி, மனசுல வெச்சுக்காதீங்க" என்று வேறு சொன்னார். அவர் அதைக் கேட்கவே இல்லை. நடிக்காதீங்க என்ற அந்த வார்த்தை யாருடையது என்று அவருக்குத் தெரியும். அவருடையதுதான். பதின்மூன்று வருடம் எங்கோ சுற்றிவிட்டு, இன்னொருத்தர் வாயிலிருந்து அவர் முகத்துக்கே வந்துவிட்டது.

பதினெட்டாவது மரம் நட்ட அன்றைக்கும் இதே மாதிரி வெயில்தான். மறுநாள் காலையில் அதிகாரி வந்து மரத்தை எண்ணிப் பார்ப்பார், பதினெட்டு என்றால் பதினெட்டு இருக்க வேண்டும். நான்கு ஆட்கள் வரவேண்டிய இடத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள், அவரும் சொடக்கும். குழி தோண்டி, பையைக் கிழித்து, கன்றை இறக்கி, மண் தள்ளி மிதித்து, பக்கத்தில் இரும்புக் கம்பம் அடித்து, பழைய சைக்கிள் டியூபை மெத்தையாக வைத்து, கன்றைக் கம்பத்தோடு கம்பியால் கட்டி முறுக்க வேண்டும். முறுக்குகிற வேலை சொடக்குடையது. அவனுக்கு இடது கைப் பழக்கம். அவன் முறுக்கு எல்லார் முறுக்குக்கும் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கும். கணக்காக ஐந்து சுற்று. ஒரு வருடம் கழித்து வந்து அவிழ்க்கும்போது, இது யார் கட்டியது என்று கேட்கவே வேண்டாம்.

பதினைந்தாவது மரத்திலேயே அவன் மெதுவாகிவிட்டான். ஆனால் பேச்சு மட்டும் குறையவில்லை. என்றைக்கும் இல்லாத அளவுக்கு அன்றைக்குத்தான் சிரிக்கச் சிரிக்கப் பேசினான். ஒரு மந்தாரை இலையைக் கிள்ளி, நடுவில் பிளந்து இரண்டாக விரிந்திருக்கும் அதை நெஞ்சில் ஒட்டி வைத்துக் காட்டினான். "அத்தான், பாருங்க, ஆஸ்பத்திரியில நெஞ்சுப் படம் எடுத்த மாதிரியே இருக்கு. எனக்கும் ஒண்ணு எடுக்கணும்."

"வேலையைப் பாருடா."

பதினெட்டாவது குழியில் கன்றை இறக்கி மண் தள்ளியதும் அவன் குனிந்தவன் நிமிரவில்லை. "அத்தான், நெஞ்சை அழுத்துது. கை மரத்துப் போச்சு. கொஞ்சம் உக்காந்துக்கிறேன்."

சொடக்கு அதற்கு முன்னால் மூன்று தடவை வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு சினிமாவுக்குப் போனவன். மூன்று தடவையும் குழிக்காரர் நம்பி, அவன் வேலையையும் சேர்த்துச் செய்தவர். நான்காவது தடவை ஏமாறக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"நடிக்காதே. கட்டிட்டு உக்காரு."

அவன் கட்டினான். கட்டிவிட்டு, கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து, அவரைப் பார்த்துச் சிரித்தான். அன்றைக்கு அவன் சொடக்கு எடுக்கவில்லை என்பது குழிக்காரருக்கு மறுநாள்தான் உறைத்தது. மறுநாள் விடிந்தபோது அவன் எழுந்திருக்கவில்லை.

அக்காக்காரி அழுது ஓய்ந்த பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "முந்தின நாள் ஏதாச்சும் சொன்னானா? ஒடம்புக்கு முடியலைன்னு ஏதாச்சும்?"

"ஒண்ணும் சொல்லலையே" என்றார் குழிக்காரர்.

அந்தப் பொய்க்கும் இப்போது பதின்மூன்று வயது.

ஒரு வருடம் கழித்துக் கட்டவிழ்க்க வந்தார். பதினேழு மரத்திலும் அவிழ்த்தார். பதினெட்டாவதில் குறடை வைத்தவர் வெட்டவில்லை. எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்த அந்த முறுக்கு, அவன் விரல் கடைசியாகச் செய்த வேலை. இன்னும் தளர்வாகத்தான் இருக்கிறது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த வருடமும் அதையே சொன்னார். கம்பம் துருப்பிடித்து விழுந்தது, டியூப் மக்கியது, கம்பி மட்டும் இருந்தது. மரம் பருத்துப் பருத்து, ஒருநாள் கம்பியை எட்டிப் பிடித்தது. நெரிக்க ஆரம்பித்தது கம்பியா மரமா என்று கேட்டால், இரண்டும் இல்லை, அவர்தான்.

செயலாளர் அறையிலிருந்து வந்தவர் அன்று மதியம் மரத்தடிக்குப் போனார். அவள் பையைக் கம்பியில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் குழாயை மரத்தின் பாத்தியில் போட்டார்.

"இனிமே இங்க உக்காராதே."

"ஏன்?"

"மரம் முறியும்."

"என் தம்பி என் தலையில விழமாட்டான்."

"அவன் செத்துட்டான். இது மரம். கம்பி நெரிச்சு நெரிச்சு, கழுத்து போயிடுச்சு. இந்தப் பூ எல்லாம் அதனாலதான். சந்தோஷமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

அவள் பூவைப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள். கோபம் வரவில்லை. குழிக்காரரோடு பத்து வருடம் கன்று சுமந்தவள், மரவேலை அவளுக்கும் தெரியும். அதனால் கேட்கக்கூடாத கேள்வியை நேராகக் கேட்டாள்.

"மத்த பதினேழுலயும் கட்டு அவுத்தீங்களே. இதுல ஏன் அவுக்கல?"

மேலே ஒரு காய் வெடித்தது. அவருக்குத் தோள் தூக்கிப் போட்டது.

"மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பொய்யோடு பொய். ஆனால் மறந்தேன் என்றால் அவள் மன்னித்துவிடுவாள், மன்னித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

"மறக்கல" என்றார். "அவன் கட்டின கட்டு. அவுக்க மனசு வரல."

"அவ்வளவுதானா?"

"இல்ல."

பிறகு சொன்னார். அவளைப் பார்க்காமல், பாத்தியில் ஏறுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நெஞ்சை அழுத்துது என்றான். உட்காரட்டுமா என்றான். நான் நம்பவில்லை. நடிக்காதே என்றேன். கட்டிட்டு உக்காரு என்றேன். கட்டினான். நீ கேட்டபோது ஒன்றும் சொல்லவில்லை என்றேன். எல்லாம் ஐந்தாறு வாக்கியம்தான். பதின்மூன்று வருடம் தூக்கிச் சுமந்தது, சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பாத்தி நிரம்பித் தண்ணீர் வழிந்தது. அவள் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. அவள் காலை எடுக்கவில்லை.

"எந்தக் கை?"

"என்ன?"

"எந்தக் கை மரத்துப் போச்சுன்னான்?"

"இடது."

அவள் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கும் இடது கைப் பழக்கம்தான், அக்கா தம்பி இரண்டு பேருக்கும். பிறகு எழுந்து, கம்பியில் மாட்டியிருந்த பையை எடுத்தாள். ஐந்து வருடமாக மாட்டியவள், தம்பி கழுத்தில் மாட்டிவிட்டது போல, பதறிப்போய் எடுத்தாள். ஈரக்காலோடு அறைக்குப் போனாள்.

அன்று அவருக்குச் சாப்பாடு போட்டாள். பேசவில்லை. மறுநாளும் போட்டாள். பேசவில்லை. மூன்றாம் நாள் மதியம், செயலாளர் சாப்பிட்டுப் படுக்கிற நேரமாகப் பார்த்து, கையில் குறடும் உளியும் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"நடங்க."

"செயலாளர் கிட்ட..."

"நடங்கன்னேன்."

ஏணியைப் பிடிக்க வாட்ச்மேனைக் கூப்பிட்டார்கள். அவர் வாயாடி. "அண்ணே, இந்த வயசுல மரமேற ஆசையா? விழுந்தீங்கன்னா நான் பாக்கவே இல்லைன்னு சொல்லிடுவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்று இரண்டு கையாலும் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். குழிக்காரர் ஏறினார். முதலில் பெஞ்சுப் பக்கம் சாய்ந்திருந்த பெரிய கிளையைத் துண்டு துண்டாக இறக்கினார். பாரம் குறைந்தால்தான் கழுத்து தாங்கும். ஒவ்வொரு துண்டும் பூவோடு விழுந்தது. விழ விழ, காய்ந்த காய்கள் வெடித்தன. கீழே நின்ற வாட்ச்மேனே ஒரு கட்டத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு, "என்னண்ணே இது, யாரோ பக்கத்துல நின்னு விரலை மடக்குற மாதிரி இருக்கு" என்றார். குழிக்காரர் அடுத்த துண்டை இறக்கினார்.

கிளை பாதியாகக் குறைந்ததும் அவர் இறங்கினார். இரண்டு கவைக்கம்பு வெட்டி, தண்டுக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார். பிறகு உளியால் பள்ளத்தின் உதட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கினார். துருப்பிடித்த கம்பி தெரிந்தது. முறுக்குக்குக் குறடை வைத்து வலது கையால் திருகினார். இறுகியது. மறுபடி திருகினார். இன்னும் இறுகியது.

"தள்ளுங்க. இது உங்க முறுக்கு இல்ல" என்றாள் அவள்.

இடது கையில் குறடை வாங்கி, எதிர்ப்பக்கமாகத் திருப்பினாள். முறுக்கு முனகிக்கொண்டே அவிழ்ந்தது. ஒரு சுற்று. இரண்டு. மூன்று. அவ்வளவுதான். நுனி இரண்டும் பிரிந்து நின்றன. அவள் குறடைப் பிடித்தபடியே அந்த இடத்தைப் பார்த்தாள்.

"மூணுதான் இருக்கு" என்றாள்.

"ம்."

"எப்பவும் அஞ்சு சுத்துவான்."

"ஆமா."

"அவனால அவ்வளவுதான் முடிஞ்சிருக்கு."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, கம்பியை மூன்று இடத்தில் வெட்டி, துண்டு துண்டாக இழுத்தாள். மூன்று துண்டு வந்தது. பின்பக்கம் ஒரு துண்டு, மரம் முழுசாக விழுங்கிவிட்டது. உளி வைத்தால் மரமே போய்விடும். "அது உள்ளேயே இருக்கட்டும்" என்றார் குழிக்காரர். அவள் குறடைக் கீழே வைத்தாள்.

சத்தம் கேட்டு செயலாளர் கைலியோடு ஓடிவந்தார். தரை முழுக்க ஊதா. பாதி மொட்டையான மரம். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "யாரைக் கேட்டு வெட்டினீங்க? உங்களை இன்னைக்கே..."

"விரலை விடுங்க" என்றாள் அவள்.

"என்னது?"

"திட்டறது அப்புறம். மொதல்ல விரலை உள்ள விட்டுப் பாருங்க."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு செயலாளர் பள்ளத்தில் விரலை விட்டார். ஆள்காட்டி விரல் அடிவரை போயிற்று. சட்டென்று வெளியே இழுத்தார். விரலில் ஒட்டிய சாற்றைக் கைலியில் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தார். பெஞ்சைப் பார்த்தார். மாடியிலிருந்து இறங்கிப் படம் எடுக்க வருகிற குழந்தைகளின் நினைவு வந்ததோ என்னவோ, "முட்டு இன்னும் ஒண்ணு கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். திண்டு கட்டுகிற பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை.

மூன்று கம்பித் துண்டையும் அவள் கழுவி, அறை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். காற்றடித்தால் அவை ஒன்றோடொன்று இடிக்கும். குழிக்காரர் அதற்கு நேர் கீழேதான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எடுத்துவிடு என்று சொல்ல அவருக்கு வாய் இல்லை.

அவள் பேசினாள். உப்பு வேணுமா, மோட்டார் ஓடுதா, துணி காஞ்சுதா என்று பேசினாள். அதைத் தாண்டி ஒரு சொல் இல்லை. மதியம் வழக்கம்போல மரத்தடி பெஞ்சுக்குப் போவாள், பையை மடியில் வைத்துக்கொள்வாள். அவர் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்பார். ஒருநாள் கால் கடுத்து, "உக்காரட்டுமா?" என்று கேட்டார்.

"நில்லுங்க" என்றாள்.

நின்றார். தினமும் நின்றார். மழை வந்து போனது. குளிர் வந்து போனது. பதினேழு மரமும் இலையைக் கொட்டிப் பூத்தன. பதினெட்டாவது பூக்கவில்லை. இலையைக்கூடக் கொட்டவில்லை. தளதளவென்று இலையாக நின்றது, ஒவ்வோர் இலையும் நடுவில் பிளந்து, அவன் நெஞ்சில் வைத்துக் காட்டின மாதிரி. பள்ளத்தின் இரண்டு உதட்டிலிருந்தும் புதுப்பட்டை உருண்டு வந்து ஒன்றையொன்று தொட்டது. மாடியிலிருந்து யாரும் படம் எடுக்க வரவில்லை.

பூ இல்லை என்றால் காய் இல்லை. காய் இல்லை என்றால் சத்தம் இல்லை. வெயில் காலம் வந்து, மற்ற மரங்களில் ஒன்றிரண்டு வெடித்தாலும் அது வெறும் காய்ச் சத்தமாகவே கேட்டது. இது போதும், விட்டது என்று நிம்மதியாக இருக்க வேண்டியவர், ஒன்றரை மணி ஆனால் குழாயைக் கீழே போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். சத்தம் இருந்தபோது பயம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றாவது தெரிந்தது. இப்போது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

அப்படி ஒரு மதியம் நின்றுகொண்டிருந்தார். காற்று இல்லை. இலை அசையவில்லை.

சொடக்கு கேட்டது.

மரத்தைப் பார்த்தார். பச்சை இலை. ஒரு காய்கூட இல்லை. இரண்டாவது கேட்டது. மெல்லப் பார்வையை இறக்கினார். அவள்தான். பெஞ்சில் உட்கார்ந்து, இடது கையை முன்னால் நீட்டி, கட்டை விரலால் ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவர், அவள் ஒருநாளும் சொடக்கு எடுத்துப் பார்த்ததில்லை. மூன்றாவது. நான்காவது. செய்வது தன் கைதான் என்று அவளுக்கே தெரியுமா என்று தெரியவில்லை. கண் எங்கோ இருந்தது. கடைசியில் கட்டை விரலையும் மடக்கி, ஐந்து முடிந்ததும், வேலையை முடித்தவள் போல நீளமாக மூச்சு விட்டாள்.

பிறகு அவரைப் பார்த்தாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்தாள்.

"கட்டு அவுத்தாச்சு" என்றாள். "உக்காருங்க."

அவர் தண்ணீரை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். சிமெண்ட் சுட்டது. பின்னந்தலைக்கு நேரே அந்தத் தழும்பு இருப்பது பார்க்காமலே தெரிந்தது. அவர் சாயவில்லை.